ஓர் எழுத்துப் பிழையும் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியும்

எனக்கு அலர்ஜி இல்லை. எப்போதும் இருந்ததில்லை. பதினைந்து வயதில் ஒரு காலை என் வலது கை பன் மாதிரி உப்பியது. அன்றிலிருந்து எட்டு வருடம், நான் பார்த்த அத்தனை டாக்டர்களும் அந்த ஒரே சொல்லைத்தான் சீட்டில் கிறுக்கினார்கள். வீக்கம் அரிக்காது, தோலில் தடிப்பு எழும்பாது. இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டுத் தானாக வடியும். அரிக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அலர்ஜி என்றதும் வீட்டில் சாப்பாட்டில் கை வைத்தார்கள். கத்திரிக்காய் கரப்பான், அரிப்பைக் கிளப்பும் என்று முதலில் நின்றது. பிறகு இறால், கருவாடு, தக்காளி, கடைசியில் முட்டை. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னதை நம்பி, எனக்காகத் தானும் எட்டு வருடம் கருவாட்டுக் குழம்பைத் தொடாமல் இருந்தவர் அவர். எதுவும் மாறவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே அதிகப் பத்தியம் இருந்தவள் நான், அதிகம் வீங்கியவளும் நான்.

கல்லூரி முதல் வருடம் வயிற்று வலி வந்தது. வாந்தி, மயக்கம். குடல்வால் என்று சொல்லி அறுத்து எடுத்துவிட்டார்கள். எடுத்த குடல்வாலைப் பரிசோதித்த காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அழற்சி எதுவும் இல்லை என்று அச்சடித்திருக்கிறது. கேட்டதற்கு, ஆரம்ப நிலையிலேயே எடுத்துவிட்டோம், சந்தோஷப்படுங்கள் என்றார் அறுத்தவர். கையில் வந்த அதே வீக்கம்தான் குடல் சுவரிலும் வந்திருக்கிறது. அது எனக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இதில் எனக்கு என் மேலேயே கோபம். நான் படித்தது பயோடெக்னாலஜி. டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, ஆர்என்ஏவிலிருந்து புரதம் என்று பதினாறு மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதி, பதினைந்து வாங்கியவள். அந்தப் படம் என் வயிற்றுக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை கீழுதடு லேசாக வீங்கியிருந்தது. பழகிப்போன விஷயம் என்று கம்பெனி பஸ் ஏறினேன். மேடவாக்கம் சிக்னலில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றபோது பக்கத்து சீட் பெண்ணிடம் ஏதோ சொன்னேன். வந்தது என் குரல் இல்லை. எச்சில் விழுங்கினால் தொண்டையில் உருண்டை உருட்டி வைத்தது போல இருந்தது. அவள்தான் என்னை இறக்கி, ஆட்டோ பிடித்து, குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பெயர் வேண்டாம். அந்த ஆஸ்பத்திரி செய்த நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது.

எமர்ஜென்சியில் அலர்ஜி ஊசி போட்டார்கள். ஸ்டீராய்டு போட்டார்கள். பிறகு தொடையில் அட்ரினலின். மூன்றும் தண்ணீர் மாதிரிப் போயின. அரை மணி கழித்துப் பார்த்த டாக்டர், பயத்தில் அப்படித் தோன்றுகிறது, மூச்சை மெதுவாக விடுங்கள் என்றார். நான் ஒரு காகிதம் வாங்கி எழுதிக் காட்டினேன், ஏனென்றால் அதற்குள் பேச்சு நின்றுவிட்டது: "பயம் இல்லை. விழுங்க முடியவில்லை." கையெழுத்து கோணலாக இருந்தது. அதைப் பார்த்து, பாருங்கள் கை நடுங்குகிறது, பயம்தான் என்றார். அட்ரினலின் போட்டால் கை நடுங்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

அங்கே டாக்டர் நஸ்ரின் என்று ஒருவர் ட்யூட்டியில் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருந்தால் அதிகம். அவர் என் உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அரிக்குதாமா?"

எட்டு வருடத்தில் முதல் தடவை ஒரு டாக்டர் தானாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டியதும் எனக்கு அழுகை வந்தது. அடுத்த கேள்வி, ஏதாவது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாயா. ஆமாம், ஆறு மாதமாக என்று எழுதிக் காட்டினேன். மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை என்று கொடுத்த மாத்திரை. அந்த ஆறு மாதத்தில்தான் வாரத்துக்கொரு வீக்கம். அவர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார், பிளாஸ்மா வரவழைத்தார். மூச்சு அடைத்தால் தொண்டையில் குழாய் போட மயக்க மருந்து டாக்டரைக் கட்டிலருகே நிறுத்தி வைத்தார். பிளாஸ்மா என்றால் ரத்தத்தின் வெளிர்மஞ்சள் நீர்ப் பகுதி. யாரோ முகம் தெரியாத ஒருவர் கொடுத்தது. அதில் என் உடம்பில் இல்லாத ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் எச்சில் விழுங்கினேன்.

இல்லாத அது ஒரு புரதம். சி1 இன்ஹிபிட்டர் என்று பெயர். ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும் ஒரு ரசாயனம் நம் எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் உண்டாகும். அதை உண்டாக்கும் கூட்டத்தை அடக்கிவைப்பது இந்தப் புரதத்தின் வேலை. அடக்க ஆள் இல்லாவிட்டால் குழாய்கள் கசியும், தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்ளும். அலர்ஜியில் வீங்க வைப்பது வேறு ரசாயனம். அதற்கான ஊசியை இதற்குப் போட்டால், அடுத்த வீட்டுக் குழாயை மூடிவிட்டு நம் வீட்டில் தண்ணீர் நிற்கவில்லையே என்று பார்ப்பது மாதிரி.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. இந்த நோய் இருந்தால் குறையும் வேறொரு புரதம் குறைந்திருந்தது. ஆனால் சி1 இன்ஹிபிட்டரின் அளவு நார்மல். சீனியர் டாக்டர் கட்டில் முனையில் நின்றபடியே, அந்த நோய் இல்லை, அலர்ஜிதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் இருப்பது அவர் கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை. நஸ்ரின் மட்டும் பின்தங்கி, அளவு பார்த்தால் போதாது, அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை தனியாக இருக்கிறது, வெளியூர் லேபுக்கு அனுப்பணும், நாளாகும் என்று என்னிடம் சொன்னார். சீனியருக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. இருந்தும் பிளாஸ்மா ஏற்றுவதற்கு முன்னால் எடுத்து வைத்திருந்த ரத்தத்தை நஸ்ரின் அனுப்பிவிட்டார்.

நான்காம் நாள் வயிறு வீங்கியது. வந்த சர்ஜன் என் பழைய தழும்பைப் பார்த்துவிட்டு, குடல் ஒட்டியிருக்கலாம், திறந்து பார்க்கலாம் என்றார். பெட்டி திறப்பது போலச் சொன்னார். அம்மா குறுக்கே நின்றார். அம்மா பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை.

"ஒரு தடவை தொறந்து ஒண்ணும் இல்லாததை எடுத்துட்டீங்க சார். அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யாரும் கத்தி எடுக்கக் கூடாது."

சர்ஜன் இதற்கு முன் அம்மாவைப் பார்க்கவே இல்லை, அப்போதுதான் பார்த்தார். இன்னொரு முறை பிளாஸ்மா ஏறியது. வலி போயிற்று. கத்தி தேவைப்படவில்லை. ஐந்து நாள் அம்மா இட்லியைப் பாலில் கரைத்து ஸ்பூனில் ஊட்டினார். விழுங்க முடிகிறது என்று நான் சொன்ன பிறகும் ஊட்டினார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு கேள்வி வைத்திருந்தார்கள். சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, ஆப்பிளோடு வந்து உட்கார்ந்து அதை அம்மாவிடம் கேட்டார். "அண்ணி, உங்க சைடுல யாருக்கானா இப்டி கீதா?" அம்மா இல்லை என்றார். டாக்டர்களும் குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அப்பா, "எங்க சைடுல கெடையாது சார்" என்றார். பிசிறில்லாமல் சொன்னார். அதனால் எல்லோரும் மறுபடி அம்மாவைப் பார்த்தார்கள்.

எட்டாம் நாள் வேலை செய்கிறதா என்ற ரிப்போர்ட் வந்தது. செய்யவில்லை. இருக்க வேண்டியதில் கால் பங்கு வேலைகூட இல்லை. பிறவியிலேயே வரும் வீக்க நோய், அதிலும் அபூர்வமான இரண்டாம் வகை என்று நஸ்ரின் சொன்னார். முதல் வகையில் புரதம் குறைவாக இருக்கும், எண்ணினால் பிடிபடும். என் வகையில் எண்ணிக்கை சரியாக இருக்கும். வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுத்தால் எல்லோரும் ஆஜர், பாதிப் பேர் தூங்குகிறார்கள். விழித்திருக்கும் மீதிப் பேர் வேலைப் பளுவில் சீக்கிரம் தீர்ந்துபோகிறார்கள். சீனியர் டாக்டர் அட்டென்டன்ஸை மட்டும் பார்த்தார். பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் மட்டும் ஓடி வந்து, பிறவி நோய் என்றால் எங்களிடம் கிடையாது என்று எழுதிக் கொடுத்தார்கள். எட்டு வருடம் யாராலும் கண்டுபிடிக்க முடியாத பிறவி நோயை அவர்கள் ஒரே மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு எதுவும் புரியவில்லை. அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். அப்பா நிலம் வாங்கி விற்பவர். எங்கள் தாத்தா காலத்தில் நெல் விளைந்த வயலை மனை போட்டு விற்றுத் தொடங்கிய தொழில். முப்பது வருட வில்லங்கச் சான்று பார்க்காமல் அரை கிரவுண்டு நிலத்துக்கும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்.

டிஎன்ஏ என்பது மூலப் பத்திரம் என்றேன். ரிஜிஸ்டர் ஆபீஸ் பதிவேடு மாதிரி, அது இருக்கும் இடத்தை விட்டு வெளியே வராது. ஒவ்வொரு செல்லிலும் அந்த முழுக் கட்டு இருக்கிறது. ஆனால் எல்லா செல்லும் எல்லாப் பக்கத்தையும் திறக்காது. கண் செல் அதற்கு வேண்டிய பக்கத்தைத் திறக்கும். இந்தப் புரதத்துக்கான பக்கத்தைத் திறப்பது பெரும்பாலும் கல்லீரல். திறந்து, அந்தப் பக்கத்துக்கு மட்டும் நகல் எடுக்கும். நகலுக்கு ஆர்என்ஏ என்று பெயர். நகலை எடுத்துக்கொண்டு மேஸ்திரி சைட்டுக்குப் போவார். அதில் இருக்கிறபடி சுவர் எழும்பும். சுவர்தான் புரதம். எந்தப் பக்கத்தை எத்தனை நகல் எடுப்பது என்பதையும் உடம்பு கூட்டிக் குறைக்கும். நான் சாப்பிட்ட ஹார்மோன் மாத்திரை, வீக்கத்தைக் கிளப்பும் இன்னொரு பக்கத்துக்குக் கத்தை கத்தையாக நகல் போட வைத்திருக்கிறது.

அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். "நகல் எடுக்கும்போது தப்பாச்சா?"

"இல்லப்பா. நகல்ல தப்புன்னா ஒரு சுவர் கோணும், அடுத்தது சரியா வந்துடும். எட்டு வருஷமா பாதிச் சுவரு கோணிக்கிட்டே இருக்கு."

"அப்ப மூலத்துலயே தப்பு." உடனே பிடித்துக்கொண்டார். சர்வே நம்பரில் ஓர் இலக்கம் மாறினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கும் ஓர் எழுத்துதான் மாறியிருக்க வேண்டும் என்றேன். ஜீன் டெஸ்ட் பின்னால் அப்படித்தான் சொன்னது. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படும் அந்த வாசகத்தில் சி-ஜி-சி என்று இருக்க வேண்டிய இடத்தில் சி-ஏ-சி. அதனால் ஐந்நூறு மணி கோத்த மாலையில் ஒரே ஒரு மணி மாறிவிட்டது. ஆர்ஜினைனுக்குப் பதில் ஹிஸ்டிடின். எதிரியைப் பிடிக்கும் கொக்கியின் நுனியே அந்த மணிதான்.

அப்பா தொழில் பழக்கத்தில் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். "சரி, எழுதிக் குடுத்தது யாரு?"

பத்திரம் எப்போதும் இரண்டு பிரதி, ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. ஒன்றில் பிழை இருந்தால் போதும் என்றேன். அப்பா தன் வலது கையைப் பார்த்தார். வருடத்துக்கு இரண்டு தடவை அது வீங்கும். பூச்சி கடித்திருக்கும் என்பார். சைட்டில் பூச்சி இல்லாத இடம் எது.

"சரசு அக்கா மஞ்சக் காமாலையில சாகல" என்றார்.

சரசு அத்தை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே, இருபத்து நான்கு வயதில் போய்விட்டார். காமாலை என்றுதான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு வந்து படுத்தவருக்குத் தொண்டை வீங்கி, மறுநாள் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே மூச்சு நின்றிருக்கிறது. தொண்டை வீங்கிச் செத்தாள் என்றால் ஏதோ குடும்ப வியாதி என்பார்கள், சின்ன அத்தைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று வீட்டில் முடிவெடுத்துக் காமாலை ஆக்கிவிட்டார்கள். சின்ன அத்தைக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. பொய்யும் அப்படியே நிலைத்துவிட்டது.

நான் கத்தினேன். தொண்டை அப்போதுதான் சரியாகியிருந்தது, அதை முழுசாகப் பயன்படுத்தினேன். அரை கிரவுண்டுக்கு முப்பது வருஷம் தோண்டுகிறாய், டாக்டர் மூன்று தடவை கேட்டும் உன் கூடப் பிறந்தவளைச் சொல்லவில்லை, அம்மா தலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாய் என்றேன். அம்மா வாஷ்பேசின் பக்கம் திரும்பிக்கொண்டு இட்லி டப்பாவைக் கழுவினார். கழுவிய டப்பாவையே மறுபடி கழுவினார்.

திட்டி முடிக்கும்போதுதான் திவ்யா நினைவுக்கு வந்தாள்.

திவ்யா சித்தப்பா மகள். கடைசி வருடம் படிக்கிறாள். குன்றத்தூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நிச்சயத்துக்கு முன்னால் பல் வரிசை சீராக வேண்டும் என்று கம்பி போட ஏற்பாடு. கம்பிக்கு இடம் வேண்டும் என்று நான்கு பல் பிடுங்க வேண்டும். முதல் இரண்டு பல்லுக்கு அந்தச் சனிக்கிழமை. அவளுக்கும் பரீட்சை நேரத்தில் உதடு வீங்கும். அலர்ஜி என்றுதான் அவள் வீட்டிலும் பெயர்.

அப்பாவிடம் சித்தப்பாவுக்குப் போன் போடச் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். வியாழன் போயிற்று. வெள்ளி காலை, பாக்கலாம்மா, சம்பந்தம் முடியட்டும் என்றார். சனிக்கிழமைக்கு ஒரு நாள் இருந்தது. நான் படுக்கையில் உட்கார்ந்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினேன். சரசு அத்தை எதனால் இறந்தார், எனக்கு என்ன வந்திருக்கிறது, அப்பாவின் ரத்த சொந்தம் எல்லோரும் எந்த இரண்டு சோதனை செய்ய வேண்டும், திவ்யா பல்லில் கை வைக்கவே கூடாது. நான்கே வரி. அனுப்பிய இரண்டாவது நிமிடம் குழுவின் அட்மினான சித்தப்பா என்னை நீக்கினார். மூன்றாவது நிமிடம் அப்பா போனில் அவர் குரல் எனக்கே கேட்டது.

"இன்னாண்ணே, உம் பொண்ணு எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணு வாரிப் போடுறா? மாப்ள வூட்டுக்காரன் ஒருத்தன் அந்த குரூப்புல கீறான், தெரியும்ல?"

தெரியாது. தெரிந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன். அப்பா போனை மேஜையில் வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

மத்தியானம் திவ்யா தனியாக வந்தாள். கல்லூரியிலிருந்து நேராக மின்சார ரயிலில் வந்திருக்கிறாள், தோளில் பை. சித்தப்பாவுக்குத் தெரியாமல் வந்தாயா என்று கேட்டேன்.

"தெரியாமத்தான். எனக்கு இருபத்தொண்ணு ஆச்சுக்கா, என் ரத்தம் நான் குடுக்கறேன். செத்தப்புறம் பல்லு அழகா இருந்து என்ன பண்றது?"

ரத்தம் எடுக்கும் அறைக்கு நான் ட்ரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு கூடப் போனேன். அப்பா பின்னாலேயே வந்தார். அவள் கையைக் கட்டும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் சட்டைக் கையை மடித்துவிட்டார். எனக்கும் எடுங்க, ஒரே குடும்பம் என்றார். எழுதிக்கொண்டிருந்தவரிடம் யாரும் கேட்காமலே, எங்க அக்கா ஒருத்தி தொண்ட வீங்கி செத்தா, அதையும் எழுதிக்கங்க என்றார். அன்று சாயங்காலம் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும் அவரே சித்தப்பாவுக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, மொட்டை மாடிக்குப் போய்விட்டார். சனிக்கிழமை பல் பிடுங்கவில்லை.

இருவருக்கும் இருக்கிறது. அப்பாவுக்கும், சித்தப்பா வழியாகத் திவ்யாவுக்கும். சின்ன அத்தைக்கு இல்லை. குன்றத்தூர்க்காரர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள், ஜாதகம் சரியாக அமையவில்லையாம். இரண்டு மாதம் முன்பு பத்தில் எட்டுப் பொருத்தம் என்று சொன்ன அதே ஜாதகம்.

போன வாரம் திவ்யாவுக்குப் பல் எடுத்தார்கள். சம்பந்தம் போனால் என்ன, கம்பி எனக்காகப் போட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டாள். கிளினிக்கில் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில். ஐந்து நாள் முன்பிருந்தே மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை பிழையைத் திருத்தாது. கல்லீரலை அந்தப் பக்கத்துக்கு அதிக நகல் எடுக்க வைக்கும். நல்ல பிரதியிலிருந்தும் அதிகம் வரும், அந்தச் சில நாளுக்கு அது போதும். பெண்கள் நெடுநாள் சாப்பிட்டால் மீசை முளைக்கும், குரல் உடையும், அதனால் இப்படி அளந்துதான் கொடுப்பார்கள். பிளாஸ்மாவும் தயாராக வைத்திருந்தார்கள்.

வெளியே நீல நாற்காலி வரிசையில் ஒரு முனையில் நானும் அப்பாவும், மறுமுனையில் சித்தப்பா. நடுவே ஐந்து காலி நாற்காலி. அவர் என்னிடம் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. அவரிடம் சொல்ல வேண்டியதை நான் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அம்மாவைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு ஒன்று, என்னை நீக்கியதற்கு ஒன்று, அந்தக் காமாலைக்கு ஒன்று.

நர்ஸ் வந்து, முடிந்தது, நன்றாக இருக்கிறாள், இரண்டு நாள் இங்கேயே பார்த்துக்கொள்வோம் என்றார். சித்தப்பா எழுந்து நின்றார். உள்ளே போவார் என்று நினைத்தேன். காலி நாற்காலிகளைக் கடந்து என் முன்னால் வந்து நின்றார்.

"இந்த மாத்திர, சரசு அக்கா காலத்துலயே இருந்துச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார், வேண்டாம் என்பது போல. இல்லை சித்தப்பா, இப்போதுதான் வந்தது என்று ஒரு வரி சொன்னால் முடிந்துவிடும். எங்கள் குடும்பத்தில் அப்படிச் சொல்வதுதான் வழக்கம்.

"இருந்துச்சு சித்தப்பா" என்றேன்.